ஓடைப் பள்ளத்தில் பிள்ளைகளோடு நடப்பவர்களுக்காக

சேர்வராயன் மலையின் ஓடைத் தடங்களுக்கும் அருவிகளுக்கும் பொறுப்பு வகிக்கும் அலுவலர்களுக்கு, சேலத்திலிருந்து இரண்டு பிள்ளைகளின் தாய் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

கடந்த மே மாத விடுமுறையில், ஒன்பது வயது மகளையும் ஆறு வயது மகனையும் ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்குக் கீழே இறங்கும் ஓர் ஓடைப் பள்ளத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். இருபுறமும் பாறை உயர்ந்து நிற்க, நடுவே கணுக்காலளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மகன் கல் கல்லாகப் புரட்டி நண்டு தேடிக்கொண்டிருந்தான். எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி மழையில்லை. சுள்ளி பொறுக்க வந்த ஒரு மூதாட்டி, ஓடைநீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "மேல மழ புடிச்சிருச்சு கண்ணு, புள்ளைங்கள மேட்டுல ஏத்துங்க" என்றார். அதுவரை தெளிந்திருந்த நீர் தேயிலைச் சாற்றின் நிறத்துக்கு மாறியிருந்ததையும், சவுக்கு மரத்துச் சருகும் சில்வர் ஓக் இலையும் கொத்தாக மிதந்து வந்ததையும் அவர் காட்டிய பிறகே நான் கவனித்தேன். மேட்டில் ஏறிக் கால் மணி நேரம் ஆகியிருக்காது. மகன் உட்கார்ந்திருந்த பாறை நீருக்குள் போய்விட்டது.

அன்று எங்களைக் காப்பாற்றியது அந்த அம்மாவின் கண். அவர் வராத நாளில் அதே இடத்தில் நிற்கப்போகும் பிள்ளைகளை நினைத்தே இதை எழுதுகிறேன்.

நம் மலை ஓடைகள் நீளம் குறைந்தவை, சரிவு மிகுந்தவை. அடியில் கிடப்பது சார்னோகைட் என்னும் கடும்பாறை. அது நீரைக் குடிப்பதில்லை. உச்சியில் பெய்த கோடை மழை முழுவதும் குறுகிய பள்ளத்துக்குள் திரண்டு இறங்குவதால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடுகிறது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, கோடை விழாவுக்காகக் குடும்பங்கள் மலையேறும் அதே மே மாதத்தில்தான் பிற்பகல் இடிமழையும் வருகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோனதை நாம் மறந்திருக்க முடியாது.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைப் பலிகொண்ட பிறகு, அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது; 2024இல் வழிகாட்டிகளோடு 40 தடங்களைத் திறந்தும் வைத்தது. நெருப்பிலிருந்து கற்ற அந்தப் பாடத்தை, இன்னோர் உயிர் போவதற்கு முன்பே, நீருக்கும் பொருத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கிளியூர் அருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் அந்த நீர் பெரும்பாலும் ஏற்காடு ஏரியின் உபரிநீர். ஏரி நிரம்பிக் கோடி விழுகிறதா என்பதை மேலே ஏரிக்கரையில் நிற்பவர் கண்ணால் பார்த்துவிடலாம். அவர் கையில் ஒரு வாக்கி டாக்கியும், கீழே பள்ளத்தில் ஒருவர் கையில் இன்னொன்றும் ஒரு விசிலும் இருந்தால், வெள்ளம் வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்துவிடும். மற்ற ஓடைகளில் இவ்வளவு எளிதாகக் கண்காணிக்க ஏரி இல்லை. அங்கே பாறையில் ஆறு வயதுப் பிள்ளையின் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு வரைந்து, நீர் அதைத் தொட்டால் எவரும் இறங்கக்கூடாது என்றும், மே மாதத்தில் பகல் 12 மணிக்கு மேல் பள்ளத்துக்குள் இருக்கக்கூடாது என்றும் எழுதி வையுங்கள். இந்த ஓடைகளின் குணத்தைத் தலைமுறைகளாக அறிந்த மலையாளிப் பழங்குடி மக்களை வழிகாட்டிகளாக அமர்த்தி, தக்க ஊதியம் கொடுங்கள். ரப்பர் செருப்போடு வரும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் உரிமையும் அவர்களுக்கு இருக்கட்டும். பாசி படிந்த பாறையில் அந்தச் செருப்பு ஒரு நொடிகூட நிற்காது.

இவற்றுக்குப் பதிலாகத் தடங்களையே மூடிவிடலாம் என்ற யோசனை எழக்கூடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சேலத்துப் பிள்ளைகளுக்குத் திருமணிமுத்தாறு என்றால் நகருக்குள் ஓடும் கறுத்த சாக்கடைதான் தெரியும். அந்த ஆறு பிறப்பது இதே மலையில். என் மகள் ஓடைநீரைத் தொட்டுவிட்டு, "இதுவாம்மா நம்ம ஊருக்கு வருது?" என்று கேட்டாள். அவள் மறுபடியும் அங்கே போக வேண்டும் என்கிறாள். நானும் அழைத்துப் போகவே விரும்புகிறேன்.

அடுத்த கோடை விழாவுக்கு முன், குறைந்தது கிளியூர்ப் பள்ளத்திலாவது அந்த விசில்காரரை நியமித்துவிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அழகாபுரத்திலிருந்து ஒரு தாய்