‘லே’ என்று எழுதியது பிழையன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தியின் ஆங்கிலக் கட்டுரை நோட்டைச் சென்ற வாரம் புரட்டினேன். காய்ச்சலில் பகல் முழுவதும் கட்டிலில் படுத்துக் கிடந்ததைச் சொல்ல, ‘ஐ லே ஆன் தி பெட்’ என்று அவள் எழுதியிருந்த தொடரில், ‘லே’ சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, அதன் மேல் ‘லெய்டு’ என்று திருத்தப்பட்டிருந்தது. அவள் எழுதியதே சரி, திருத்தம்தான் பிழை. ஆயினும் திருத்தியவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அன்றாடம் சறுக்குகிற இடம் இது.

‘லை’ என்பது தானே கிடத்தல், படுத்தல். ‘லே’ என்பது இன்னொன்றைக் கிடத்துதல், வைத்தல். முன்னது செயப்படுபொருளை ஏற்காது. செங்கல் அடுக்குவதும் கோழி முட்டையிடுவதும் ‘லே’யைச் சேர்ந்தவை. தொல்லை இறந்தகாலத்தில்தான் தொடங்குகிறது: ‘லை’ அங்கே ‘லே’ என்று உருமாறி, மற்ற வினையின் நிகழ்கால வடிவத்தோடு ஒன்றிவிடுகிறது, அந்த மற்ற வினையோ ‘லெய்டு’ ஆகிறது. (பொய் சொல்லுதலைக் குறிக்கும் ‘லை’ வேறொரு வினை, அதன் இறந்தகாலம் ‘லைடு’.)

தன்வினை, பிறவினை படித்த நம் பிள்ளைகளுக்கு இது விளங்காத செய்தியன்று. திருந்து, திருத்து, உருள், உருட்டு என்று நாம் மெய்யெழுத்தை வல்லினமாக்கிக் காட்டுவதை, ஆங்கிலம் ஒருசில வினைகளில் உயிரொலியை மாற்றிக் காட்டுகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘லிட்ஜன்’, ‘லெட்ஜன்’ என்று ஒலித்த இணையே இன்றைய லை, லே. விழுதலாகிய ‘ஃபால்’, மரத்தை வெட்டி வீழ்த்துதலாகிய ‘ஃபெல்’ ஆகிய இரண்டும் அத்தகைய இணையே. அங்கும் ‘ஃபால்’ இறந்தகாலத்தில் ‘ஃபெல்’ ஆகி அதே பொறியை வைக்கிறது என்றாலும், மரம் வெட்டுவதற்கு வெளியே அந்தப் பிறவினை அதிகம் வழங்காததால் எவரும் அதில் சிக்குவதில்லை.

கிடந்தான் என்றால் ‘லே’, கிடத்தினான் என்றால் ‘லெய்டு’ என்று தமிழைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் ஒரே வகுப்பில் பிடித்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். மூன்று வடிவங்களையும் அட்டவணையிட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் முறையில் அது நடப்பதில்லை. பேத்தியின் நோட்டில் அந்தத் தொடருக்கு அருகே ‘கிடந்தேன்’ என்று பென்சிலால் எழுதி அனுப்பியிருக்கிறேன். நோட்டு இன்னும் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.