தாளிக்கறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

புரட்டாசி வந்துட்டா உங்க ஞாயிறு பேப்பர்ல சைவ சமையல் குறிப்பு போடுவீங்க, நானும் கத்தரிச்சு ஐஸ்பெட்டி கதவுல ஒட்டி வச்சுக்குவேன், போன வருஷத்து குறிப்பு இன்னும் எண்ணெய் கறையோட அங்கதான் தொங்குது. இந்த வருஷம் அதுக்குப் பக்கத்துலயே நாய்க்கும் ஒரு நாலு வரி போடுங்கன்னு கேக்கத்தான் இந்த கடிதம். சிரிக்காதீங்க ஐயா, பட்டுட்டு எழுதுறேன்.

இங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டத்துல 27 வருஷம் பால் மரம் வெட்டுனவ நான், ரப்பர் பால் எடுக்கற வேலை. விடியாம பெரட்டுக்கு, அதான் பேரு கூப்பிடுற எடத்துக்கு, போயி நெத்தியில லைட்டு கட்டிக்கிட்டு மர நெரைக்குள்ள நுழைஞ்சா, முன்னாடி நாய் போவும், பின்னாடி நாங்க போவோம், பாம்பு கெடந்தா அதுதான் மொதல்ல நின்னு குரைக்கும். அப்படி உயிரைக் காத்த ஜீவனுக்கு நாங்க என்ன போட்டோம்னு இப்ப நெனச்சா வெக்கமாதான் இருக்கு. மிச்ச சோத்துல மீன் கொழம்பு தண்ணிய ஊத்தி பின் வாசல்ல வைப்போம், நக்கிட்டு போயிடும். வயசாயி செத்த நாயின்னு ஒண்ணு தோட்டத்து லயத்து வீடுங்கள்ல பாத்த ஞாபகம் இல்ல. எல்லாத்துக்கும் சாப்பாடுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், லோரி அடிச்சது இருக்கு, பன்னிக்கு வச்ச கண்ணியில மாட்டுனது இருக்கு. ஆனா அது எதுக்கு வாந்தி எடுக்குது, எதுக்கு சுருண்டு படுத்துருக்குதுன்னு யாரும் கேட்டதும் இல்ல. புல்லு தின்னா சரியாயிடும்னு விட்டுடுவோம்.

பால் மரத்த எல்லாம் சாய்ச்சு செம்பனை போட்டாங்க, நாங்க தாமான்ங்கற குடியிருப்பு வீட்டுக்கு வந்துட்டோம். இப்ப எங்ககிட்ட ரெண்டு, டைகரு ஒண்ணு, ராணி ஒண்ணு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி புரட்டாசி மூணாவது சனிக்கிழமை பெருமாளுக்கு படையல் போட்டு, வடை பாயசத்தோட அக்கம்பக்கத்துக்கும் எலை போட்டு சாப்பாடு குடுத்தோம். நம்ம வீட்டு பாயசத்துல கிஸ்மிஸ் கொஞ்சம் தூக்கலாதான் இருக்கும், நெய்யில வறுத்து கைநெறைய போடுற பழக்கம் எங்க அம்மாகிட்டருந்து வந்தது. பக்கத்து வீட்டு பையன், சின்னப்பையன் பாவம், அவனுக்கு கிஸ்மிஸ் புடிக்காதாம், எல்லாத்தையும் பொறுக்கி எலை ஓரமா ஒதுக்கி வச்சு டைகருக்கு ஊட்டிவிட்டுருக்கான். சாயங்காலம் டைகரு வாந்தி எடுத்துச்சு, அதுலயே உப்பிப்போன கிஸ்மிஸ் கெடந்துச்சு. நெய் ஒத்துக்கல போலனு கழுவி விட்டுட்டு தூங்கிட்டேன். காலையில கூப்பிட்டா வால மட்டும் ஆட்டுது, எந்திரிக்கல, தண்ணி கூட தொடல.

ஈப்போவுக்கு தூக்கிட்டு ஓடுனோம். டாக்டர் நம்ம தமிழ் பொண்ணு. "ஆண்ட்டி, நேத்து என்ன சாப்பிட்டுச்சு? திராட்சை, கிஸ்மிஸ் ஏதாச்சும்?"னு மொத கேள்வியே அதான். நான் ஒண்ணும் சொல்ல முடியாம "சாமிக்கு படைச்சதும்மா"ன்னேன். அந்த பொண்ணு சிரிக்கவும் இல்ல திட்டவும் இல்ல, ரத்தம் எடுத்துச்சு, கிட்னி பாத்துச்சு, ட்ரிப் போட்டுச்சு. மூணு நாள் அங்கயே கெடந்துச்சு டைகரு, 800 மலேசிய வெள்ளிக்கு கிட்ட ஆச்சு, எங்க வீட்டுக்காரரு மோட்டார் டயர் மாத்த வச்சிருந்த காசும் அதுலயே போச்சு. பொழச்சுக்கிச்சு, அதுவே பெருசு. பச்சை திராட்சை, கருப்பு திராட்சை, காஞ்சது எதுவா இருந்தாலும் நாய்க்கு கிட்னி போயிடலாமாம், அதுலயும் எவ்வளவு தின்னா ஆபத்துன்னு கணக்கு சொல்ல முடியாதாம், ஒரு நாய் ஒரு கொத்து தின்னுட்டு சும்மா இருக்கும், இன்னொண்ணு நாலே நாலுல படுத்துடும்னாங்க. தின்னது தெரிஞ்ச ஒடனே, வாந்தி எடுக்கறதுக்கு முன்னாடியே தூக்கிட்டு வந்திருக்கணும்னும் சொன்னாங்க. நான் ஒரு ராத்திரிய தூங்கியே தொலைச்சிருக்கேன்.

ஏன் திராட்சை இப்படி பண்ணுதுன்னு ரொம்ப வருஷமா யாருக்கும் புரியாம இருந்துச்சாம். 2021ல அமெரிக்காவுல விலங்குங்களுக்கு விஷ வைத்தியம் பாக்கற டாக்டருங்க, அதுல இருக்கற டார்டாரிக் ஆசிட்தான் காரணமா இருக்கும்னு எழுதுனாங்களாம். கேக்குக்கு போடுற கிரீம் ஆஃப் டார்டார் பவுடர தின்ன நாய்க்கும் இதே மாதிரி கிட்னி கெட்டதப் பாத்துதான் கண்டுபுடிச்சாங்களாம். அப்புறம் அந்த பொண்ணு சொன்னதுதான் எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு: "ஆண்ட்டி, புளியிலயும் அதே ஆசிட்தான் நெறைய இருக்கு."

புளி! யோசிச்சு பாருங்க ஐயா. சாம்பார், ரசம், மீன் கொழம்பு, வத்தக்கொழம்பு, புளிச்சோறு, நம்ம சட்டியில புளி இல்லாம என்ன இருக்கு. ஒரு வாய் ரசம் குடிச்சா நாய் செத்துடும்னு நான் சொல்லல, அப்படின்னா எங்க லயத்துல ஒரு நாய் கூட மிஞ்சியிருக்காது. ஆனா தெனமும் அதையே ஊத்துறோமே, அதத்தான் சொல்றேன்.

அதுக்கு மேல வெங்காயம், பூண்டு. இது நாயோட ரத்தத்துல இருக்கற செவப்பு அணுவ ஒடைக்குதாம், வேக வச்சாலும் வறுத்தாலும் பொடியா போட்டாலும் வித்தியாசம் இல்ல, பொடி இன்னும் மோசம், கொஞ்சத்துலயே நெறைய எறங்கிடும். தின்ன ஒடனே தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் ஈறு வெளுத்து, மூத்திரம் தேத்தண்ணி கலர்ல போவும். அதுக்குள்ள நமக்கு என்ன போட்டோம்னே மறந்து போயிருக்கும்.

நான் கண்டுபுடிச்ச வழி ரொம்ப சின்னது. தாளிக்கறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி எடுத்து வச்சுடறது, அவ்வளவுதான். முந்தியெல்லாம் பருப்பு வேகும்போதே பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சத்தூள் எல்லாத்தையும் ஒண்ணா தட்டிப் போட்டு மூடிடுவேன். இப்ப வரிசைய மாத்திட்டேன். பருப்ப வெறும் தண்ணியில வேக வைக்கறேன், கொழைஞ்சதும் பூசணிக்கா, கேரட், பயத்தங்கா நறுக்கி போடறேன், உப்பு இல்ல புளி இல்ல ஒண்ணும் இல்ல, பூசணித்துண்டு கரண்டியில அழுத்துனா மசியுற பதம் வந்ததும் நாய்ங்களுக்கு ரெண்டு கரண்டி தனி சட்டிக்கு எடுத்துட்டு, மிச்சத்துக்கு புளி கரைச்சு ஊத்தி நம்ம சாம்பார தொடர்றேன். ருசி ஒண்ணும் கொறையல. எடுத்து வச்சத கையாலயே பெசஞ்சு, சோறு ஒரு பிடி கலந்து, நல்லா ஆற வச்சுதான் வைக்கணும், இல்லன்னா ராணி அவசரத்துல நாக்க சுட்டுக்கும். கேரட்ட பெரிய துண்டா போட்டா வெளிய போவும்போது துண்டாவே வரும், அதனால மசிக்கறது.

ஒரு நாள் எங்க வீட்டுக்காரரு ராத்திரி லேட்டா வந்து, இருட்டுல அந்த சட்டிய எடுத்து சோத்துல ஊத்தி சாப்பிட்டுட்டு, "என்னாடி, பிரஷருன்னு உப்பே போடாம விட்டுட்டியா"ன்னு கேட்டாரு. சொல்லவே இல்ல நான். இத படிச்சா தெரிஞ்சுக்குவாரு.

இங்க ஒரு சண்டையும் இருக்கு. எங்க அண்ணன் மவன், நாய்னா ஓநாய் சாதி, அதுக்கு கறிதான் போடணும், அத்தை சோறும் பூசணியும் போட்டு கெடுக்கறீங்கன்னு வரும்போதெல்லாம் சொல்லுவான். அவனுக்காகவே டாக்டர்கிட்ட கேட்டு வச்சிருக்கேன். 2013ல சுவீடன் நாட்டு ஆராய்ச்சிக்காரங்க நாயையும் ஓநாயையும் ஒப்பிட்டு பாத்தாங்களாம், மாவுச்சத்த செரிக்கற ஜீன் ஓநாய்க்கு 2தான் இருக்கு, நாய்க்கு 4லருந்து 30 வரைக்கும் இருக்காம். மனுசன் பக்கத்துல கெடந்து நம்ம சோத்த தின்னு தின்னு அதோட வயிறு சோத்தையும் செரிக்கற மாதிரி ஆயிடுச்சு. பூனைக்கு இது ஆவாது, அதுக்கு கறி மீனு இல்லன்னா கண்ணு போயிடும், இதயமும் கெட்டுடும், அதனால புரட்டாசின்னு பூனைய சைவமா ஆக்கிடாதீங்க.

நாயையும் முழு சைவமா ஆக்கச் சொல்லல நான். "உங்க வீட்டு நாயும் வெரதமாக்கா?"ன்னு எதிர் வீட்டுல கேலி பண்ணுவாங்க. வேண்டிக்கிட்டது நாமதானே, அது என்ன வேண்டிக்கிச்சு. புரட்டாசி மாசம் வீட்டு அடுப்புல முட்டை வைக்க மாட்டேன், அதுக்காக பின்னாடி போர்ட்டிகோவுல ஒத்த கேஸ் அடுப்பு ஒண்ணு வச்சுட்டேன், அதுல ரெண்டு முட்டை, இல்லன்னா ஒரு கெம்போங் மீன வெறும் தண்ணியில வேக வச்சு முள்ளு ஒண்ணு விடாம உருவிட்டு கலந்துடுவேன். நெத்திலி வேணாம், ஒரே உப்பு. வெந்த கோழி எலும்பு குத்தூசி மாதிரி பொளந்து கொடல கிழிச்சுடும், அதும் வேணாம். இன்னொண்ணு, வீட்டு சாப்பாடு மட்டுமே மாசக்கணக்குல போட்டா சுண்ணாம்புச்சத்து பத்தாதாம், அதனால கடையில விக்கற நாய் பிஸ்கட்டுதான் எங்க வீட்டுல முக்கா வயிறு, நம்ம சட்டி மேலுக்குத்தான்.

பழத்துக்கு வர்றேன். பழம் நாய்க்கு நொறுக்குத்தீனி மாதிரி, ஒரு நாள் சாப்பாட்டுல பத்துல ஒரு பங்குக்கு மேல போவக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, சக்கரைதானே எல்லாம். பப்பாளி கொல்லையிலயே காய்க்குது, தோலையும் வெதையையும் எடுத்துட்டு நாலு துண்டு. வாழப்பழம் பாதி. ஆப்பிள்னா வெதைய நோண்டிட்டு. தர்பூசணிய கொட்டை எடுத்து சின்னதா வெட்டி ஐஸ்பெட்டியில ஒறைய வச்சு மத்தியான வெயிலுக்கு ஒண்ணு ஒண்ணா போட்டா, டைகரு அத கல்லு மாதிரி சிமெண்டு தரையில உருட்டிக்கிட்டே கரைச்சு குடிக்கும், அந்த சத்தத்துலயே எனக்கு மத்தியான தூக்கம் போவும், பரவால்ல. ரம்புத்தான் கொட்டை, மாங்கொட்டை, டுரியான் கொட்டை இதெல்லாம் எட்டாத எடத்துல போடுங்க, முழுங்கிட்டா கொடல்ல அடைக்கும். எல்லாத்துலயும் பெரிய சனியன் பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, வாங்குற சோளக்கட்டை. நாம முத்த தின்னுட்டு கட்டைய நாய்க்கு தூக்கி போடுவோம், அது நெய் வாசத்துக்கு கடிச்சு முழுங்கிடும், அது செரிக்கவே செரிக்காது, கொடல்ல அடைச்சுக்கிட்டா ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். கறி குத்தி சுடுற சாத்தே குச்சியும் அப்படித்தான், வாசம் இருக்கற வரைக்கும் விடாது.

மரவள்ளி ஒண்ண பத்தி தனியா சொல்லணும். ஜப்பான்காரன் காலத்துல எங்க பாட்டி அத தின்னுதான் உசுரோட இருந்தாங்க, அதனால எங்க குடும்பத்துல அதுக்கு ஒரு மரியாதை. அவங்க எப்பவும் தோல நல்லா உரிச்சு, தண்ணிய நெறைய வச்சு, மூடாம கொதிக்க விட்டு, அந்த தண்ணிய கீழ ஊத்திடுவாங்க. பச்சையா தின்னா அதுல சயனைடு வெஷம் இருக்கு, மனுசனுக்கும் சரி நாய்க்கும் சரி. கொல்லையில கெழங்கு தோண்டுறவங்க பச்சை தோல அங்கயே போட்டுட்டு வராதீங்க. சக்கரவள்ளிக்கு இந்த வம்பெல்லாம் இல்ல, அவிச்சு தோல் உரிச்சா போதும், ராணி அதுக்கு உசுர விடும்.

ஒரு சின்ன விஷயம், தெரு நாய்க்கு போடறவங்களுக்கு. புண்ணியம்னு நெனச்சு படையல் எலையோட கொண்டு போயி ரோட்டோரம் கொட்டுறாங்க, எங்க வரிசையில நாயத் தொடாத மலாய்க்கார முஸ்லிம் குடும்பம் ரெண்டு இருக்கு, நாய் எலைய இழுத்துக்கிட்டு அவங்க கேட்டு முன்னாடி போயி நிக்குது. பேச்சு வராம இருக்குமா. ஒரு தட்டுல வச்சு, நின்னு, தின்னு முடிச்சதும் தட்ட எடுத்துக்கிட்டு வந்துடுங்க. அந்த எலையில பாயசம் இருந்துச்சுன்னா தெரு நாய ஈப்போவுக்கு தூக்கிட்டு போவ யாரு இருக்கா.

அதனால ஆசிரியர் ஐயா, இந்த வருஷம் பாயசம் செய்முறை போடும்போது கீழயே திராட்சைன்னு ஒரு வரி, சாம்பாருக்கு கீழ வெங்காயம் பூண்டு புளின்னு ஒரு வரி போட்டுடுங்க. தனியா வேற பக்கத்துல போட்டா யாரும் கத்தரிக்க மாட்டாங்க, சமையல் குறிப்போட சேத்து போட்டாதான் ஐஸ்பெட்டி கதவுக்கு வரும். எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும், எனக்கு கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியறதில்ல.

இப்படிக்கு,
பழைய பால் மரத்துக்காரி,
சுங்கை சிப்புட், பேராக்.