படகின் தளத்தைப் பிரித்து மூடக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

நாகப்பட்டினம் கரையில் 26 அடி ஃபைபர் படகின் தளத்தைப் பிரித்து, தண்ணீர் நிறைந்தாலும் படகை முங்கவிடாமல் தாங்கும் மிதவை ஃபோம் ஊறிப்போயிருந்ததால் அதை எடுத்துவிட்டுப் புதிது நிரப்பி, தண்ணீர் வடிய வழிவைத்து மூடியாயிற்று. பெயர் போட வேண்டாம் என்று உதவியவர்கள் எல்லோருமே சொல்லிவிட்டார்கள். அதனால் அவரவர் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி, மீன் நிறுக்கும் தராசைத் தந்த அக்காவுக்கு. காய்ந்த ஃபோம் ஒரு கன அடி 900 கிராம்தான் இருக்கும். படகிலிருந்து வெட்டியெடுத்த அதே அளவுத் துண்டு அந்தத் தராசில் 11 கிலோ காட்டியது. மேலே பார்த்தால் மஞ்சளாக, காய்ந்த மாதிரிதான் இருந்தது. ரம்பத்தால் அறுத்து, அறுத்த முகத்தைக் கட்டைவிரலால் அழுத்தியதும் கறுப்புத் தண்ணீர் கசிந்தது. படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவரைக்கும் ஃபோமை அடைத்து, வடிகாலே விடாமல் மூடியதன் பலன் இது. தண்ணீர் புகாத ஃபோம் என்று சொல்லி விற்றாலும், வருடக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் கிடந்தால் அது ஊறத்தான் செய்யும்.

கணக்குப் போட்டுத் தந்த தம்பிக்கு அடுத்த நன்றி. கடல் தண்ணீரில் ஒரு கன அடி ஃபோம் சுமார் 28 கிலோ தாங்கும். ஃபைபர் முங்கிவிட்டால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நாம் தாங்க வேண்டும். ஆக 600 கிலோ எடையுள்ள படகின் ஓட்டுக்கு 200. என்ஜினுக்கு 40, ஈயம், நங்கூரத்துக்கு 40, தண்ணீரில் கிடந்து விளிம்பைப் பிடித்துத் தொங்கும் நாலு பேருக்கு 120. மொத்தம் 400 கிலோ, அதாவது பதினாலேகால் கன அடி. நாள்பட ஊறும் என்று கால்பங்கு கூட்டி 18 கன அடி வைத்தோம்.

அதை எங்கே வைப்பது என்று திருத்தியவர் ஃபைபர் மேஸ்திரி அண்ணன். எல்லாவற்றையும் தளத்துக்கு அடியிலேயே அடைத்தால், தண்ணீர் நிறைந்த படகை ஃபோம் கீழிருந்து தூக்கிக் குப்புறக் கவிழ்த்துவிடும். பாதிக்கு மேல் இரண்டு பக்க விளிம்புக்குக் கீழேயும் என்ஜினுக்கு இருபுறமும் போனது அவர் சொன்னதால்தான். தெர்மோகோல் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபைபர் ஒட்டும் பாலியஸ்டர் ரெசின் பட்டதும் கரைந்துவிடும், பெட்ரோல் பட்டாலும் கரையும். கலந்ததும் பொங்கி ஃபோமாகும் இரண்டு டின் திரவங்களைச் சரிபாதியாக, ஒரு தடவைக்கு அரை லிட்டருக்கு மேல் போகாமல் கலந்து, வெயில் ஏறும் முன்பே அவர் ஊற்றினார். ஒரு அடுக்கு ஆறிய பிறகுதான் அடுத்தது. மொத்தமாக ஊற்றினால் உள்ளே சூடேறிக் கருகும். பொங்க வழியில்லை என்றால் தளத்தையே தூக்கிவிடும். முகக்கவசம், கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரையும் அவர் கிட்டே விடவில்லை. அதற்குத் தனி நன்றி.

வடிகால் தச்சர் அண்ணனின் கைவேலை. இரண்டங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, படகின் முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கம்வரை ஏராவின் மேல் கவிழ்த்து, ஃபோம் புகாதபடி ஓரங்களை டேப்பால் ஒட்டினார். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் அடிமட்டத்தோடு ஒட்டி ஓரங்குலத் துளை. துளைக்குள் தெரியும் வெறும் மரத்துக்கு மூன்று தடவை ரெசின் பூசினார்; அதை விட்டால் சட்டம் அங்கிருந்துதான் உளுத்துப்போகும். பின்பக்கம் ஆகத் தாழ்ந்த இடத்தில் பித்தளை அடைப்பான். படகைக் கரையேற்றினால் அணியம் உயர்ந்து நிற்கும், தண்ணீர் தானாகப் பின்னால் வந்துவிடும். அடைப்பானுக்கு மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு மூடியும் வைத்தார்.

பலகை மூடும் முன் அணியத்தில் 40 லிட்டர் ஊற்றிப் பார்க்கச் சொன்ன சின்னத்தம்பியை மறக்க மாட்டோம். பின்னால் வந்தது 31 லிட்டர்தான். மூன்றாவது சட்டத்தின் துளையில் ரெசின் கட்டி ஒன்று அடைத்திருந்தது. உளியால் தட்டி எடுத்து மறுபடி ஊற்றினோம். இரண்டு குவளை குறைய எல்லாம் வந்து சேர்ந்தது. மூடியிருந்தால் அந்த 9 லிட்டரும் புது ஃபோமுக்குத்தான் போயிருக்கும்.

படகை மேட்டுக்கு இழுத்தும் மறுபடி இறக்கியும் தந்த பன்னிரண்டு பேருக்கும், மூன்று நாள் மோர் கொண்டுவந்து கொடுத்த வீட்டாருக்கும் எங்கள் நன்றி. சட்ட அளவுகளையும் துளைகளின் இடத்தையும் குறித்த தாள் எங்களிடம் இருக்கிறது. தளம் பிரிக்கப் போகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.