மாத்திரை எழுத மறுத்த கைக்கு நன்றி

அன்புள்ள பெரியம்மா, டாக்டர் அம்மா, ஆயர் ஐயா,

நான் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று வீட்டில் தெரிந்த ராத்திரி எல்லாரும் அழுதார்கள். நீங்கள் மட்டும்தான் பெரியம்மா, "புள்ள துன்னானா இல்லியா, மொதல்ல அத்த கேளுங்க" என்றீர்கள். அந்தத் தட்டுச் சோறு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறுவாரம் ஒரு ஜெப வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். எந்த வீடு என்று சொல்லப் போவதில்லை. மூன்று நாள் உபவாசம், நெற்றியில் எண்ணெய், காதோரம் கத்தல். அசுத்த ஆவி என்னைவிட்டுப் போய்விட்டதென்று சாட்சி சொன்னால்தான் வெளியே விடுவோம் என்றார்கள். சொன்னேன். பசியைத் தாங்கிக்கொண்டேன்; கர்த்தருடைய நாமத்தில் பொய் சொல்லவைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப்பின் பதினொரு மாதம் எனக்கு ஜெபமே வரவில்லை.

டாக்டர் அம்மா, "மாறுறதுக்கு எதுனா மாத்திரை எழுதிக் குடுங்க" என்று அப்பா கேட்டபோது பேனாவை மூடி வைத்தீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, மாற்றுகிறேன் என்று மருத்துவர் இறங்கினால் அது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னீர்கள். அப்பாவை அசைத்தது அதுவல்ல. 2021 ஜூன் 7 அன்று இத்தகைய 'சிகிச்சை'க்குத் தடை சொன்ன சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அதற்கு முன்பு தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார் என்றீர்களே, அதுதான். "ஜட்ஜே போயி கத்துக்கினாரா?" என்று பஸ்ஸில் காட்பாடி வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

2025 மே மாதம் நம் வேலூர் மாவட்டத்து வழக்கு ஒன்று பேப்பரில் வந்தது. வீட்டில் அடித்து, சடங்கு செய்து மாற்றப் பார்த்தார்கள் என்று ஒரு பெண் உயர் நீதிமன்றத்தில் சொன்னார். அவர் விரும்பியவரோடு போகலாம், குடும்பம் அமைய கல்யாணம் ஒன்றுதான் வழியென்று இல்லை என்றார்கள் நீதிபதிகள். அந்தப் பக்கத்தை அப்பா கிழித்து மடித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான்தான் பார்த்தேன்.

ஆயர் ஐயா, திருவிருந்துக்கு வரலாமா என்று கேட்க எனக்கு அத்தனை மாதம் ஆனது. நீங்கள் வசனம் காட்டி வாதாடவில்லை. சபை என்ன முடிவெடுக்கும் என்று உங்களுக்கே தெரியாது என்பதையும் ஒளிக்கவில்லை. "உனக்காக தினம் ஜெபம் பண்றேன் தம்பி. நீ மாறணும்னு மட்டும் பண்ண மாட்டேன்" என்றீர்கள். அன்று ராத்திரி முழங்காலில் நின்றேன். வார்த்தை வந்தது.

அம்மா, உங்களுக்கும் எழுத நிறைய இருக்கிறது, நேரில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மணி அடிப்பதற்குள் வந்துவிடுவேன். நம் பெஞ்சில் இடம் போட்டு வையுங்கள்.

உங்கள் மகன்
காட்பாடி