ஷெட்டில் நிற்கும் காருக்கும் முழு வரியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டில் ஒன்பது லட்ச ரூபாய்க்கு ஒரு கார் வாங்குகிறவர், வண்டியைக் கையில் வாங்கும் முன்பே ஆயுட்கால வரியாக 1,17,000 ரூபாய் கட்டிவிட வேண்டும். 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதம் இது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. முன்பு 10 லட்சம் வரைக்கும் 10 சதவீதம்தான். வரி ஏறியதைப் பற்றி அப்போது எல்லோரும் பேசினோம். எதை வைத்து இந்த வரியைக் கணக்கிடுகிறார்கள் என்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

விலையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். வண்டி எவ்வளவு ஓடும் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. அந்த 1,17,000 ரூபாயை முதல் பதிவுக் காலமான 15 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 7,800 ரூபாய் வருகிறது. வருடம் 25,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இது கிலோமீட்டருக்கு 31 பைசா. வருடம் 2,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு 3 ரூபாய் 90 பைசா. அதே கார், அதே ரோடு. குறைவாக ஓட்டுகிறவர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பன்னிரண்டு மடங்குக்கு மேல் கட்டுகிறார்.

அந்த 2,000 கிலோமீட்டர்காரர்கள் யார் என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் வந்தால் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வீட்டில் வயதானவர்கள் இருவர். கார் ஷெட்டில் நிற்கும். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டு வெளியே எடுப்பார்கள். மற்றபடி பொங்கல், குலதெய்வக் கோயில் படைப்பு, நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம், அவ்வளவுதான். வளைகுடாவில் வேலை செய்கிறவர்களின் வீடுகளிலும் இதே நிலைதான். அவர் லீவில் வரும்போது மட்டும் வண்டி ஓடும். அவர் கிளம்பியதும் பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிடுவார்கள். நானும் ஓய்வு பெற்ற பிறகு அப்படிப்பட்ட ஒரு வண்டியை வைத்திருப்பவன். என் மனைவிக்கு முழங்கால் முடியாது. ராத்திரி நேரத்தில் வாடகைக் கார் கிடைக்குமா என்று காத்திருக்க முடியாது என்பதற்காகவே அந்தக் கார் இருக்கிறது. இவர்களெல்லாம் வசதிக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது சரியில்லை. பலர் பென்ஷனில் வாழ்கிறவர்கள்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. வண்டி ஓடாத காலத்துக்கு வரி வேண்டாம் என்ற நியாயத்தை அரசு ஏற்கனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஆனால் தொழில் வண்டிகளுக்கு மட்டும். காலாண்டு வரி கட்டும் பஸ்ஸோ லாரியோ ஓடாமல் நிற்கப்போகிறது என்றால், உரிமையாளர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து அந்தக் காலத்துக்கு வரி கட்டாமல் இருக்க வழி உண்டு. கொரோனா முடக்கத்தின்போது ஆம்னி பஸ் உரிமையாளர்கள் அப்படி எழுதிக்கொடுத்துவிட்டு வண்டிகளை நிறுத்தி வைத்தது பலருக்கு நினைவிருக்கும். சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு அந்த வாசல் இல்லை. மொத்த வரியையும் முதல் நாளே வாங்கிவிட்டதால், எழுதிக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

உச்ச நீதிமன்றமும் இதன் அடிப்படையைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விசாகப்பட்டினம் உருக்காலை வளாகத்துக்குள் மட்டுமே ஓடிய வண்டிகளுக்கு ஆந்திர அரசு வரி கேட்ட வழக்கில், 2025 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மோட்டார் வாகன வரி என்பது பொதுச் சாலையைப் பயன்படுத்துவதற்கு ஈடாக வாங்கப்படுவது. பொது இடத்தில் ஓடாத, ஓட்டுவதற்காக அங்கே வைத்திருக்கப்படாத வண்டிக்கு அந்தக் காலத்துக்கு வரிப் பொறுப்பு இல்லை என்றது நீதிமன்றம். அது ஆந்திரச் சட்டத்தின் வாசகத்தை வைத்துச் சொன்னது என்பதும், ஷெட்டில் இருக்கும் என் கார் நாளைக்கே ரோட்டுக்கு வரலாம் என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் தீர்ப்பைக் காட்டி நான் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. சாலையைப் பயன்படுத்துவதற்கு ஈடுதான் வரி என்றால், பயன்படுத்தும் அளவுக்கும் அதில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறேன்.

“பெட்ரோல் வரி இருக்கிறதே, ஓடுகிற அளவுக்குத்தானே அதைக் கட்டுகிறோம்” என்பார்கள். உண்மைதான். மாநில அரசு பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் வாங்குகிறது. மத்திய அரசின் கலால் வரி தனி. நிறைய ஓட்டுகிறவர் நிறையக் கட்டுகிறார். அந்த வரி நியாயமானது என்றே சொல்வேன். ஆனால் அது நியாயம் என்று ஒப்புக்கொள்கிறவர்கள், அதே நியாயத்தை ஆயுட்கால வரிக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? மேலும், மின்சாரக் கார்களுக்குச் சாலை வரி விலக்கு கொடுத்து வந்திருக்கிறோம்; அவற்றுக்குப் பெட்ரோல் வரியும் கிடையாது. அவை பெருகப் பெருக, ரோட்டில் அதிகம் ஓடுகிறவரிடமிருந்து வரும் பணம் குறைந்துகொண்டே போகும். நியூசிலாந்தில் இதை முன்பே கவனித்து, டீசல் வண்டிகளுக்கு இருந்த ஆயிரம் கிலோமீட்டர் கணக்கிலான கட்டணத்தை 2024 ஏப்ரலிலிருந்து மின்சாரக் கார்களுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

வரியை மொத்தமாக முன்பணமாக வாங்குவதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியாகிவிட்டது, இனி ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அந்தப் பணம் வராது. அப்புறம் எதற்குப் பஸ்ஸுக்குக் காத்திருப்பது என்றுதான் மனம் சொல்லும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போகிறவருக்கு அரசு ஒரு பைசா சலுகையும் தருவதில்லை. நெரிசலும் புகையும் குறைய வேண்டும் என்று விரும்புகிற அரசு முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரிலேயே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே சிவப்பு நம்பர் பிளேட் மாட்டிய கார்கள் உண்டு. வேலை நாட்களில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரைக்கும், சனி ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் நாள் முழுவதும் ஓட்டலாம். அதற்குப் பதிலாக வாங்கும்போது 17,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கழிவு, சாலை வரியிலும் ஆண்டுக்கு 500 வெள்ளி வரை தள்ளுபடி. அவசரமாகப் பகலில் எடுக்க வேண்டுமா, 20 வெள்ளி கட்டி அன்றைக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். ஜெர்மனியில் 1997 முதல் பருவகால நம்பர் பிளேட் இருக்கிறது. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை ஓட்டலாம் என்பது பிளேட்டிலேயே அச்சாகியிருக்கும். வரி அந்த மாதங்களுக்கு மட்டும்தான். மற்ற மாதங்களில் தெருவில் நிறுத்தக்கூடக் கூடாது. பொங்கலுக்கும் கோடை லீவுக்கும் மட்டும் ஓடும் கார்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இங்கே யார் மீட்டரைப் பார்ப்பது, திருகிவிட மாட்டார்களா என்ற சந்தேகம் வரும். வரத்தான் வேண்டும். ஆனால் ஓட்டுகிற தூரத்துக்கு ஏற்ற பிரீமியத்தை 2022லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்துவிட்டது. லாபத்துக்குத் தொழில் நடத்தும் காப்பீட்டு நிறுவனங்களே கிலோமீட்டர் கணக்கை ஏற்றுக்கொள்ளும்போது, அரசால் முடியாது என்பது ஏற்கத்தக்க பதில் இல்லை. வருடா வருடம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதே மீட்டர் அளவைப் பதிவு செய்யலாம். திருகியவர் பிடிபட்டால் முழு வரியையும் அபராதத்தோடு வாங்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் மீதிக் காலத்துக்கான வரியைக் கணக்கிட்டுத் திருப்பித் தரும் முறை இங்கேயே இருக்கிறது. ஆயுட்கால வரியைப் பிரிக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

பழைய வண்டிகளின் கதை இன்னும் மோசம். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், மத்திய அரசின் விதிப்படி 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். இதோடு மாநிலத்தின் பசுமை வரியும் சேரும். மாசு காரணம் என்கிறார்கள். இருபது ஆண்டில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஒரு கார், ஐந்து ஆண்டில் இரண்டு லட்சம் ஓடிய காரைவிட எப்படி அதிகப் புகை விட்டிருக்கும்? வயதைப் பார்த்துத் தண்டிக்காமல், புகைப் பரிசோதனையையும் மீட்டரையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

2025 ஆகஸ்ட் 15 முதல் வந்திருக்கும் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸையும் பாருங்கள். தொடங்கியபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியைக் கடக்கலாம் என்று வந்தது. அந்தக் கணக்கில் ஒரு முறைக்கு 15 ரூபாய்தான் ஆனது. வருடத்தில் சில முறை மட்டும் கடக்கிறவருக்கு அந்த பாஸ் கட்டுப்படியாகாது, அவர் ஒவ்வொரு தடவையும் முழுக் கட்டணம் கட்டுகிறார். அதிகம் ஓட்டுகிறவருக்குச் சலுகை தர மட்டும் கணக்கு வைக்க முடிகிறது.

அடுத்த பட்ஜெட்டில் நிதியமைச்சரும் போக்குவரத்துத் துறை அமைச்சரும் இரண்டு ஏற்பாடுகளை மட்டுமாவது அறிவிக்க வேண்டுகிறேன். கார் வாங்கும்போது ஆயுட்கால வரியா, 5,000 கிலோமீட்டர் வரம்புள்ள குறைந்த ஆண்டு வரியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை. வரம்பைத் தாண்டினால் வித்தியாசத்தைக் கட்டிவிடலாம். ஏற்கனவே ஆயுட்கால வரி கட்டியவர்கள், மூன்று மாதத்துக்குக் குறையாமல் வண்டியை நிறுத்தி வைக்கப்போவதாக இணையத்தில் அறிவித்தால், அந்தக் காலத்துக்கான தொகையைப் பதிவு புதுப்பிக்கும்போது பசுமை வரியில் கழித்துக்கொள்ளும் வசதி. ஆம்னி பஸ்ஸுக்கு இருக்கிற வாய்ப்பை எங்கள் கார்களுக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி.