போட்சோ கழற்றிவிட்ட ஆட்டக்காரர்

ஆசிரியருக்கு வணக்கம்.

இத்தாலியக் கால்பந்து பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1934, 1938 உலகக் கோப்பைகளை வென்று தந்த பயிற்சியாளர் விட்டோரியோ போட்சோவுக்கு அத்தனை இடம் கொடுத்தது சரிதான். ஆனால் அவர் கழற்றிவிட்ட ஃபுல்வியோ பெர்னார்டினியின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லையே!

1905இல் ரோமில் பிறந்தவர். அந்த ஊர் கிளப்பான லாசியோவில் கோல்கீப்பராக ஆரம்பித்து, அப்புறம் நடுக்களத்துக்கு வந்தார். வடக்கத்தி கிளப் ஆட்கள் மட்டுமே ஆடிவந்த தேசிய அணிக்குள் 1925இல் நுழைந்தார். 26 ஆட்டங்கள், 1928 ஒலிம்பிக்கில் வெண்கலம். ஆனால் 1934இல் சொந்த நாட்டில் உலகக் கோப்பை நடந்தபோது அணியில் இடமில்லை. அவருக்குப் பதிலாக அர்ஜென்டினாவிலிருந்து வந்த லூயிஸ் மோன்டி ஆடினார். பெர்னார்டினியின் ஆட்டத்துக்கு மற்றவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று போட்சோ காரணம் சொன்னாராம். நல்ல காரணம்!

பயிற்சியாளராக பெர்னார்டினி செய்ததுதான் பெரிது. 1946 முதல் 1968 வரை இத்தாலிய லீக் பட்டம் டூரின், மிலான் நகரங்களை விட்டு வெளியே போனது இரண்டே முறை. 1956இல் ஃபியோரெண்டினா, 1964இல் போலோன்யா. இரண்டுக்கும் பயிற்சியாளர் இவர்தான். ஃபியோரெண்டினா அந்த சீசனில் தோற்றது கடைசியான 34ஆவது ஆட்டத்தில் மட்டும். அதற்குள் பட்டம் கைக்கு வந்துவிட்டது.

போலோன்யா கதை இன்னும் விறுவிறுப்பு. ஐந்து ஆட்டக்காரர்கள் மீது ஊக்கமருந்துப் புகார், பெர்னார்டினிக்கும் தடை. பிறகு மறுபரிசோதனையில் எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். கடைசியில் இன்டர் மிலானோடு 54 புள்ளிகளில் சமநிலை. ரோமில் ஒரே ஆட்டத்தில் முடிவு என்றானது. அதற்கு நான்கு நாள் முன்பு கிளப் தலைவர் டால்லாரா மாரடைப்பில் இறந்துபோனார். இடது விங்கில் ஆடும் பஸ்குட்டிக்கோ காயம். பெர்னார்டினி என்ன செய்தார்? அந்த இடத்தில் கப்ரா என்ற தடுப்பாட்டக்காரரை இறக்கினார். பதினொரு நாள் முன்புதான் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்த இன்டர், 2-0 என்று தோற்றது. இன்டர் பயிற்சியாளர் ஹெலேனியோ ஹெரேராவின் தற்காப்புக் கோட்டையைப் பற்றி மட்டும் எழுதுபவர்கள் இந்த ஆட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1974இல் தேசிய அணியே பெர்னார்டினி கைக்கு வந்தது. பெரிய வெற்றிகள் இல்லை, உண்மைதான். ஆனால் நடுக்கள ஆட்டக்காரர் அன்தோன்யோனியை முதலில் தேசிய அணியில் ஆடவிட்டவர் அவர். 1982 உலகக் கோப்பையை வென்ற பயிற்சியாளர் என்ஸோ பேர்சோட் அப்போது அவருடன்தான் பணியாற்றினார்.

தொடரின் அடுத்த பகுதியில் பெர்னார்டினிக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி