ஃபேன் ஸ்லோவா சுத்துதா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

வெயில் ஆரம்பிச்சதும் ஃபேன் மெதுவா சுத்துதுன்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டா மோட்டார் காயில் போச்சு, புதுசு வாங்குங்கன்னு சொல்லிடுறாங்க, ஆனா கோளாறு பெரும்பாலும் மோட்டார் சுத்த உதவுற கெபாசிட்டர்லதான் இருக்கும், மேல கம்பில இருக்குற கப்பை நகர்த்தினா சின்ன டப்பா மாதிரி தெரியும், 2.5 இல்ல 3.15 மைக்ரோஃபேரட்னு போட்டிருக்கும், அதே நம்பர்லதான் வாங்கணும், பெருசா போட்டா பறக்கும்னு வீடியோல சொல்றதை நம்பாதீங்க, காயில் சூடாகிடும்.

ஸ்விட்சை மட்டும் ஆஃப் பண்ணிட்டு ஸ்டூல்ல ஏறவே கூடாது, பழைய வீடுகள்ல ஸ்விட்சை கரண்ட் வர்ற ஒயர்ல குடுக்காம நியூட்ரல் ஒயர்ல குடுத்திருப்பாங்க, ஆஃப் பண்ணாலும் ஃபேன்ல கரண்ட் இருக்கும், மெயினையே இறக்கிட்டு டெஸ்டர் வச்சும் பாத்துக்கோங்க. ஷாக் அடிச்சா உடனே கரண்டை கட் பண்ற 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி இல்லாத வீட்டுல மொதல்ல எலக்ட்ரீஷியனை வச்சு அதைப் போடுங்க, ஃபேன் அப்புறம்.

சமையல் குறிப்புக்கு வாராவாரம் பக்கம் ஒதுக்குறீங்க, இதுக்கும் ஒரு கால் பக்கம் குடுக்கலாமே சார்?

இப்படிக்கு,
ஒரு வாசகி, தாம்பரம்